கூனுக்குக் காரணம் கண்ணா?

“நிமிர்ந்து உட்கார்!” என்று பிள்ளைகளை நாம் அதட்டாத நாளில்லை. குற்றம் முதுகினுடையதா, கண்ணினுடையதா என்று ஆராய்கிறோமா?

கிட்டப் பார்வை மிகுந்த சிறுவனுக்கு முகத்தருகே வந்தால்தான் எழுத்துப் புலப்படும், ஆகவே குனிகிறான். கண்ணை அசைக்கும் தசையொன்று நலிந்த குழந்தை, ஒரு பொருள் இரண்டாகத் தோன்றாமலிருக்கத் தலையைச் சாய்த்தே வைத்துக் கொள்ளும். வெள்ளெழுத்து வந்த பெரியவரோ, கண்ணாடியின் கீழ்ப்பாதியால் கணினியைப் பார்க்க மோவாயை உயர்த்துகிறார். மாலையில் பிடரி வலிக்கிறது.

இதற்கு மறுதலையும் உண்டோ? பிரஷ்யாவைச் சேர்ந்த பிரெஸ்லாவ் நகரத்து வைத்தியர் ஹெர்மன் கோன், 10,060 மாணவர்களின் கண்களைச் சோதித்து 1867-ல் முடிவை வெளியிட்டார். வகுப்பு உயர உயரக் கிட்டப் பார்வையும் பெருகியிருந்தது. குனிய வைக்கும் மேஜையையும் மங்கிய வெளிச்சத்தையும் அவர் குறை கூறினார். வெட்டவெளியில் கழிக்கும் பொழுது கிட்டப் பார்வை வராமல் தடுக்க உதவுகிறது என்று இக்காலத்து ஆராய்ச்சிகள் கூறுகின்றன.

கண் குறையைச் சோம்பலென்று எண்ணித் தண்டிப்பது எவ்வளவு அநியாயம்! பிள்ளை குனிந்தால் முதலில் கண் வைத்தியரிடம் அழைத்துச் செல்வோம். அதட்டல் பிறகு இருக்கட்டும்.