வண்ணக்கர்: கோயிலின் நாணயம் பார்ப்போர்

சங்கப் புலவர் வரிசையில் வடமவண்ணக்கன் தாமோதரனார், வடமவண்ணக்கன் பேரிசாத்தனார் என்னும் பெயர்களை நீங்கள் கண்டிருப்பீர்கள். வண்ணக்கன் என்றால் நாணயத்தின் மாற்றுப் பார்ப்பவன்; நல்ல காசையும் கள்ளக் காசையும் பிரித்துச் சொல்பவன். பிற இடங்களில் ஏட்டோடு நின்றுவிட்ட இந்தச் சொல், மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் இன்றும் பேச்சில் வாழ்கிறது. இங்கே வண்ணக்கர் எனப்படுபவர் கோயிலை மேற்பார்வை செய்யும் பொறுப்பாளர். தமிழகத்தார் தர்மகர்த்தா என்பர்; யாழ்ப்பாணத்தார் ஆதீனகர்த்தா என்றும் முகாமையாளர் என்றும் சொல்வர்.

காசு பார்த்தவன் பெயர் கோயில் காப்பவனுக்கு வந்த பொருத்தத்தை உணர்வது கடினமன்று. கோயில் என்பது பூசை மட்டுமா? வயல் உண்டு, நகை உண்டு, நேர்த்திக்கடனாக வரும் பொன்னும் பணமும் உண்டு. தஞ்சைப் பெரிய கோயிலில் பொன்னை நிறுத்த எடைக்கல்லுக்கு ‘ஆடவல்லான்’ என்று இறைவன் பெயரையே இட்டார்கள். நிறுப்பவன் கை நடுங்க வேண்டும் என்பதே அதன் உட்பொருள் போலும்!

கோயில் சொத்துக்கு உரியவர் யார்? சோழர் கல்வெட்டுகளில் சிவன் கோயில் நிலம் பல இடங்களில் சண்டேசுவரர் பெயரால் வாங்கப்பட்டும் விற்கப்பட்டும் இருப்பதைக் காண்கிறோம். சண்டேசுவரர் சந்நிதியில் நாம் கையைத் தட்டிக் காட்டுவதற்கு, ‘உன் பொருள் எதையும் எடுத்துச் செல்லவில்லை’ என்று மக்கள் பொருள் சொல்வார்கள். ‘சிவன் சொத்து குலநாசம்’ என்ற பழமொழியும் அவ்வழி வந்ததே. ஆக, மேற்பார்வையாளர் உடைமையாளர் அல்லர், காவலர்.

மட்டக்களப்பின் தனித்தன்மை இனித்தான் வருகிறது. நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை மாப்பாண முதலியார் பரம்பரை என்ற ஒரு குடும்பம் நிருவகித்து வருகிறது. வாவிக்கரையின் பெருங்கோயில்களிலோ பொறுப்பு ஒரு குடும்பத்துக்கு உரியதன்று, குடிகளுக்கு உரியது. ‘குடி’ என்பது இங்கே தாய்வழி. பிள்ளை தாயின் குடியைச் சேரும். தந்தையின் குடியை அன்று. ஆகவே ஒரு குடியின் வண்ணக்கர் பொறுப்பு தந்தையிடமிருந்து மகனுக்கு இறங்காது. மாமனிடமிருந்து மருமகனுக்குப் போகலாம், அல்லது அக்குடியில் தகுதியுள்ள வேறொருவருக்குப் போகலாம். திருவிழா நாட்களும் குடிகளுக்கும் ஊர்களுக்கும் பங்கிடப்பட்டிருக்கும். பூசை முடிந்து காளாஞ்சி யாருக்கு முதலில் என்பதும் இந்த ஒழுங்கில் அடங்கும்.

கிழக்கிலங்கை முஸ்லிம்களிடமும் தாய்வழிக் குடிகள் உண்டு. அவர்களுடைய பள்ளிவாசல்களில் குடியின் சார்பில் பொறுப்பேற்பவர் மரைக்காயர். சமயம் வேறு, மண்ணின் முறை ஒன்று.

இவ்வுரிமைகள் எங்கே எழுதப்பட்டன? மட்டக்களப்பில் ‘கல்வெட்டு’ என்பது கல்லில் வெட்டியது மட்டுமன்று. ஏட்டில் எழுதிப் படித்த பாட்டுக்கும் அதுவே பெயர். நாடுகாட்டுப் பரவணிக் கல்வெட்டு இவ்வகையைச் சேர்ந்தது. எப்.எக்ஸ்.சி. நடராசா 1962இல் பதிப்பித்த ‘மட்டக்களப்பு மான்மியம்’, வி.சீ. கந்தையாவின் ‘மட்டக்களப்புத் தமிழகம்’ ஆகிய நூல்களைப் புரட்டினால், குடிமரபும் கோயில் மரபும் இங்கு பிரிக்க முடியாதவை என்பது விளங்கும்.

பின்னர் நாட்டுச் சட்டம் வந்தது. 1917ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, கோயிலில் அக்கறையுள்ள ஐவர் சேர்ந்தால் பொறுப்பாளர்மீது மாவட்ட நீதிமன்றத்தில் வழக்கிடலாம். தமிழ்நாட்டில் 1959ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அறநிலையத் துறை மேற்பார்வை செய்கிறது. இங்கே அத்தகைய அரச துறை இல்லை. எனவே கணக்குக் கேட்கும் கடமை ஊராரையே சாரும். இன்று பல கோயில்களில் தலைவர், செயலாளர், பொருளாளர் கொண்ட பரிபாலன சபைகளும் இயங்குகின்றன.

இந்த மரபில் சிந்திக்கவேண்டியதும் உண்டு. குடி பெண்ணால் தொடர்கிறது. பதவியோ ஆணிடம் இருந்து வந்திருக்கிறது. பங்கு பெற்ற குடிகளின் பெயர் ஏட்டில் உண்டு. கோயிலுக்குப் பணி செய்த எளிய சமூகத்தாருக்கு ஊழியம் மட்டுமே பங்காயிற்று. பழைய ஒழுங்கின் நன்மை, ஒருவர் கைக்குள் கோயில் அடங்காமற் காத்தது. அதன் குறை, அந்தக் காவலில் எல்லாருக்கும் இடம் தராதது. நன்மையைக் கைவிடாமல் குறையைத் தீர்ப்பதே இன்றைய கடன்.

தமிழில் ‘நாணயம்’ என்றால் காசு, நேர்மையும் அதுவே. பழைய வண்ணக்கன் முதலாவதை உரைத்துப் பார்த்தான். இன்றைய வண்ணக்கரை ஊர் இரண்டாவதால் உரைத்துப் பார்க்கிறது. அந்த உரைகல் ஊராரின் கையில் இருக்கும்வரை கோயிலுக்குக் குறைவில்லை.