ஸ்லின்ட் குழுவின் 'ஸ்பைடர்லேண்ட்'

'ஸ்பைடர்லேண்ட்' அமெரிக்காவின் கென்டக்கி மாநிலம், லூயிவில் நகரைச் சேர்ந்த ஸ்லின்ட் ராக் குழுவின் இரண்டாவது இசைத்தொகுப்பு. 1990-இல் சிகாகோவில் ஒலிப்பதிவாகி, 1991 மார்ச்சில் வெளியானது. அதற்குள் குழுவே கலைந்துவிட்டதால், ஊர் ஊராகச் சென்று வாசித்து அதை அறிமுகப்படுத்த ஆளில்லை.

தொகுப்பில் ஆறே பாடல்கள். வரிகள் பெரும்பாலும் பாடப்படுவதில்லை. பக்கத்தில் இருப்பவரிடம் கதை சொல்வதுபோல் தாழ்ந்த குரலில் பேசப்படுகின்றன. அடங்கி ஒலிக்கும் கிட்டார்கள் எதிர்பாராத நொடியில் வெடிக்கின்றன. கடைசிப் பாடலான 'குட் மார்னிங், கேப்டன்', உடைந்த கப்பலிலிருந்து கரை சேர்ந்த தலைவனின் கதை. முடிவில் அந்தப் பேச்சு அலறலாக மாறும் இடம் இன்றைக்கும் கேட்பவரை உலுக்கிவிடுகிறது.

வெளியானபோது கவனித்தவர்கள் வெகு சிலரே. குழுவின் முதல் தொகுப்பை ஒலிப்பதிவு செய்த ஸ்டீவ் அல்பினி, லண்டன் 'மெலடி மேக்கர்' இதழில் இதை வியந்து எழுதினார். பத்தாண்டுகளில் இது மைல்கல்லாகும் என்றும் கணித்தார். கணிப்பு பலித்தது. கேட்டவர் பிறருக்குச் சொல்லிச் சொல்லியே ரசிகர் கூட்டம் பெருகியது. ஸ்காட்லாந்தின் மொக்வாய் உள்ளிட்ட 'போஸ்ட்-ராக்' குழுக்களுக்கு இது முன்னோடியானது. 2005-இல் மீண்டும் கூடிய ஸ்லின்ட், 2007-இல் தொகுப்பு முழுவதையும் மேடையில் வாசித்தது.