அடுக்கும் முக்காலி

கோவண்டியில் நட்வர் பாரேக் காம்பவுண்டு வீடுகள் 225 சதுர அடி அளவினவை. அத்தகைய வீட்டிற்கு உறவினர் ஐவர் வந்தால் ஐந்து ஆசனம் வேண்டும். இரவில் அதே தரையில் பாய் விரிக்க வேண்டும். இரண்டிற்கும் வழி செய்வது மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும் பிளாஸ்டிக் ஸ்டூலே என்பேன்.

எளிய பொருளாயினும் அதன் அமைப்பு சிந்திக்கத்தக்கது. கால்கள் மேலே குறுகிக் கீழே அகன்று சரிகின்றன, உட்புறம் வெறுமையாயிருக்கிறது. ஆகவே ஒன்றின்மேல் மற்றொன்று தொப்பிபோல் கவிகிறது. எத்தனை அடுக்கினாலும் தரையில் ஓர் ஸ்டூலின் இடமே போதும். நடுவிலுள்ள துளை அழகுக்கன்று. விரலிட்டுத் தூக்கலாம், பிரிக்கும்போது அதன் வழியே காற்றுப் புகுவதால் ஒன்றோடொன்று இறுகாது, மழைநீரும் வடிந்துவிடும்.

இக்கருத்து புதிதன்று. பின்லாந்துக் கட்டடக் கலைஞர் அல்வார் ஆல்ட்டோ 1933-இல் பிர்ச் மரக் கால்களை வளைத்து ஒரு முக்காலி அமைத்தார். கால்கள் இருக்கையின் விளிம்பையொட்டி நிற்பதால், ஒவ்வொன்றையும் சற்றுத் திருப்பி வைத்துச் சுருள்படிபோல் அடுக்கலாம். அது இன்றும் விற்பனையாகிறது. ஆனால் மழையில் கிடப்பதற்கு அந்த மரம் ஆகாது. பிளாஸ்டிக்கோ வீட்டிற்கும், பட்டறைக்கும், தெருவோரத் தேநீர்க் கடைக்கும் ஒருங்கே உதவுகிறது.

அதற்கும் பகை உண்டு, அது வெயில். நெடுநாள் வெயிலில் கிடந்தால் பிளாஸ்டிக் வெளிறி, நொறுங்கும் தன்மை பெறும். விளக்கு மாட்ட அதன்மேல் ஏறுவோர் கால்களில் கீறல் உண்டா என்று முதலில் பார்ப்பது நலம். வாங்கும் நண்பர்கள், உட்கார்ந்து பார்ப்பதோடு நில்லாமல், இரண்டை அடுக்கிப் பிரித்தும் பார்த்து வாங்குக.