மூக்குப்பேணியும் குளக்கரையும்

கொடிகாமத்தை அறிந்தவர்கள் அதன் சந்தையை அறிவார்கள். மாம்பழமும் பலாப்பழமும் தேங்காயும் குவிந்து கிடக்கும் அச்சந்தைக்கு அப்பால், தென்னஞ்சோலைகளின் நடுவே ஊருக்கு ஊர் சிறு குளங்கள் உண்டு. வற்றாத ஆறு ஒன்றும் இல்லாத நமது குடாநாட்டில், மாரி மழையை ஏந்தி நிலத்தடிக்கு இறக்கி நம் கிணறுகளை நன்னீராய் வைத்திருப்பவை இக்குளங்களே. அத்தகைய குளமொன்றின் கரையில்தான் எங்கள் வீடு இருக்கிறது. அந்தக் கரையிலே சென்ற ஆடி மாதத்தில் நான் பெற்ற ஒரு பாடத்தை ஆசிரியர்களும் மாணவர்களும் கேட்க வேண்டும் என்பதற்காகவே இதனை எழுதுகிறேன்.

2000ஆம் ஆண்டு மே மாதத்தில் தென்மராட்சி முழுவதும் போர் பரவியபோது நாங்கள் வடமராட்சிக்கு இடம்பெயர்ந்தோம். தூக்கிச் செல்ல முடியாதவற்றை அம்மா ஒரு பித்தளைப் பானையில் இட்டார். அவற்றுள் முதன்மையானது அவருக்குச் சீதனமாக வந்த மூக்குப்பேணி. வாய் வைக்காமல் அண்ணாந்து குடிப்பதற்கென மூக்கு வைத்துச் செய்யப்பட்ட அந்தப் பித்தளைக் குவளையை அறியாத யாழ்ப்பாண வீடு முன்னாளில் இருந்ததில்லை. குளக்கட்டில் நின்ற மருதமரத்தின் அடியிலே இரவோடிரவாகக் குழி தோண்டிப் பானையைப் புதைத்தோம். 2002இல் போர்நிறுத்தத்தின் பின் திரும்பி வந்தபோது கூரை இல்லை, மருதமரமும் இல்லை. குளக்கட்டை வெட்டிப் பதுங்கு குழிகள் அமைத்திருந்தார்கள். மிதிவெடி அகற்றுவோர் எங்கள் வளவைச் சோதித்துத் தந்தனர். கட்டின் மறுபுறமோ பற்றை மூடிக் கிடந்தது. "பேணி மண்ணிலே கிடக்கட்டும், பிள்ளைகள் காலோடு நடமாட வேண்டும்" என்றார் அம்மா. 2011இல் அவர் மறையும் வரை அதைப்பற்றி மீண்டும் ஒரு சொல் பேசவில்லை.

சென்ற ஆடியில் கனடாவிலிருந்து என் தங்கையின் மகன் வந்தான். அவனுடைய பெட்டியில், நீண்ட தண்டின் நுனியில் வட்டத்தட்டுப் பொருத்திய உலோகங்காட்டும் கருவி ஒன்று இருந்தது. குளம் அடிவற்றிச் சேறு வெடித்திருந்த காலம் அது. "மாமா, ஒரு மணித்தியாலம் போதும், அம்மம்மாவின் மூக்குப்பேணியை எடுத்துத் தந்துவிடுவேன்" என்றான். பிறந்த நாட்டிலே ஏரிக்கரைகளில் நாணயங்களும் மோதிரங்களும் தேடிப் பழகியவன். அவன் ஆசையில் குற்றமில்லை. என் நெஞ்சிலும் அதே ஆசை இருந்ததை மறைக்கப் போவதில்லை.

இக்கருவியின் தத்துவம் எளிது. கம்பிச் சுருளிலே மாறும் மின்னோட்டத்தைச் செலுத்தினால் அதனைச் சூழக் காந்தப்புலம் எழுகிறது. அப்புலத்தில் அகப்படும் உலோகத்தில் சிறு மின்னோட்டங்கள் பிறக்கின்றன. அம்மாற்றத்தைக் கருவி ஒலியாக்குகிறது. 1881இல் அமெரிக்க சனாதிபதி கார்பீல்ட் சுடப்பட்டபோது, உடலுள் மறைந்த குண்டைக் காண்பதற்காக, தொலைபேசியால் புகழ்பெற்ற அலெக்சாந்தர் கிரகாம் பெல் இத்தகைய கருவியொன்றைக் கொண்டுவந்தார். குண்டு அகப்படவில்லை. கட்டிலின் உலோகச் சுருள்கள் கருவியைக் குழப்பியதும், மருத்துவர் காட்டிய பக்கத்தை மட்டுமே தேட நேர்ந்ததும் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. இரண்டாம் உலகப் போரின்போது போலந்து நாட்டு அதிகாரி கொசாட்ஸ்கி கையால் ஏந்தும் கண்ணிவெடிகாட்டியை அமைத்தார். 1942இல் எல் அலமெயின் பாலைவனத்திலே அது பயன்பட்டது. விளையாட்டுப் பொருளாக இன்று கடைகளில் விற்கப்படும் கருவி அந்த வழியில் வந்ததே.

ஆயினும் கருவி ஒன்றை மட்டுமே சொல்லும்: "இங்கே உலோகம் உண்டு." அது பேணியா, ஆணியா, வெடிகுண்டா என்பதை அது சொல்லாது. அதைவிடக் கொடியது அதன் மௌனம். நம் மண்ணிலே புதைக்கப்பட்ட மிதிவெடிகள் பலவற்றின் உடல் பிளாஸ்டிக்கால் ஆனது, சிலவற்றுக்கு மரப்பெட்டி. சிறு ஊசி அளவு உலோகமே அவற்றில் இருக்கும். பொழுதுபோக்குக் கருவி அவற்றின்மேல் ஒலியின்றிக் கடந்து போகலாம். கடனீரேரியை அடுத்த உவர்நிலத்திலோ, உப்பு நீரே பொய்யொலி எழுப்பவல்லது. ஒலித்தால் ஐயம், ஒலிக்காவிட்டாலும் ஐயம் என்ற நிலையில் நம்பிக்கைக்கு இடம் ஏது?

குளங்களுக்கு வேறொரு தன்மையும் உண்டு. போர்க்காலத்தில் உயர்ந்த குளக்கட்டு இயற்கையான அரணாயிற்று. அரண் இருந்த இடத்தில் வெடியும் இருந்தது. மாரி வெள்ளம் மண்ணை அரித்துச் சில வெடிகளை இடம் மாற்றும். வண்டல் படிந்து சிலவற்றை ஆழத்தில் மறைக்கும். நேற்றுப் பாதுகாப்பாக இருந்த தடம் ஒரு மாரிக்குப் பின் அவ்வாறே இருக்கும் என்று சொல்வதற்கில்லை. வெடியை ஒதுக்கிப் பார்த்தாலும் குளம் தன் பங்கிற்கு அபாயம் வைத்திருக்கிறது. மேலே காய்ந்து கீழே இளகிய சேறு இடுப்பளவு விழுங்கும். கண்ணாடித்துண்டும் துருப்பிடித்த கம்பியும் காலைக் கிழிக்கும். எலிக்காய்ச்சலோ புண்பட்ட தோலின் வழியே, கலங்கிய நீரிலிருந்து உடலுட் புகுவது. 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் அது உயிர்களைக் கொண்டதை மறந்துவிடலாகாது. தனியே குளத்தில் இறங்காதே என்று முதியோர் சொன்னது வெறும் அச்சுறுத்தல் அன்று.

இவற்றையெல்லாம் நான் அன்று சொல்லி முடிக்கவில்லை. சோதித்த வளவினுள் மட்டும் நடக்கலாம் என்று இணங்கினேன். அதுவே என் தவறு. முதல் ஒலிக்குச் சோடாப் போத்தல் மூடி கிடைத்தது. இரண்டாவதற்கு வெற்றுத் தோட்டா. பிள்ளை சிரித்துக்கொண்டே கட்டை நோக்கி நகர்ந்தான். எல்லைக் கதிகாலைக் கடந்து கையை நீட்டியபோது, ஆழ்ந்த, இடையறாத ஓர் ஒலி எழுந்தது. "பானைதான், மாமா!" என்று மண்வெட்டியை எடுத்துக் குந்தினான். அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். எவ்வளவு இறுக்கிப் பிடித்தேன் என்பது மறுநாள் அவன் மணிக்கட்டைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. வந்த அடிச்சுவடுகளிலேயே கால் வைத்து இருவரும் பின்வாங்கினோம்.

கிராம அலுவலருக்கு அறிவித்தேன். சில நாட்களில் வெடியகற்றும் குழுவினர் வந்தனர். அவர்களுட் பெண்களும் இருந்தனர். ஒலி எழுந்த இடத்தை அவர்கள் மேலிருந்து தோண்டவில்லை. ஒரு முழம் தள்ளி, பக்கவாட்டில், மண்டியிட்டவாறு சிறிது சிறிதாக மண்ணை நீக்கினர். இரண்டாம் நாள் அது வெளிப்பட்டது: வெடியாத மோட்டார்க் குண்டு. அப்புறப்படுத்தி அழித்தார்கள். பின்னர் கட்டின் அப்பகுதி முழுவதையும் சோதித்தார்கள். முட்கம்பி, வெற்றுத் தோட்டாக்கள், இரும்புச் சிதறல்கள் அகப்பட்டன. பானை இல்லை. பதுங்கு குழி வெட்டிய நாளிலேயே அது யாரோ ஒருவர் கையில் ஏறியிருக்க வேண்டும்.

கொடிகாமத்திலிருந்து மிருசுவில், எழுதுமட்டுவாள் கடந்து சென்றால் முகமாலை. 2009 வரை போர்முனையாக நின்ற அந்நிலத்தில் பெண்கள் பலர், போரிலே கணவரை இழந்தோர் உட்பட, ஆண்டுக்கணக்காக அங்குலம் அங்குலமாக மண்ணைத் துழாவி வந்திருக்கின்றனர். 2017 டிசம்பரில் இலங்கை மிதிவெடித் தடை உடன்படிக்கையில் சேர்ந்தது. 2028ஆம் ஆண்டு அப்பணியை முடிக்கக் குறித்த தவணை. அவர்கள் ஒரு நாளிற் கடக்கும் தூரத்தை நம் பிள்ளைகள் ஒரு நிமிடத்தில் ஓடிக் கடப்பார்கள். அந்த ஓட்டத்துக்காகவே அவர்கள் மண்டியிடுகிறார்கள்.

இன்னொன்றும் ஆசிரியர்கள் மாணவர்க்குச் சொல்ல வேண்டும். வெடியே இல்லாத குளமாயினும், கருவியும் மண்வெட்டியும் கொண்டு இறங்குவது முறையன்று. 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டப்படி நிலத்துள் மறைந்துள்ள தொல்பொருள்கள் அரசுக்குரியவை. அனுமதியின்றி அவற்றைத் தேடி அகழ்வது குற்றம். சட்டத்தைவிட அறிவு சொல்லும் காரணம் பெரிது. ஆனைக்கோட்டையிலே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் 1980 அளவில் அகழ்ந்தெடுத்த வெண்கல முத்திரையை எண்ணிப் பாருங்கள். பெருங்கற்காலப் புதைகுழியொன்றில், ஓர் எலும்புக்கூட்டின் அருகே, மட்கலங்களோடு அது கிடந்ததை அறிஞர் பதிவு செய்தமையாலேயே அது நம் வரலாற்றைப் பேசுகிறது. கருவியால் அதை மட்டும் கிள்ளி எடுத்திருந்தால், கைவிரலளவு உலோகத்துண்டு ஒன்றே மிஞ்சியிருக்கும்.

ஆதலால், பிள்ளைகளுக்கு இவ்வளவேனும் சொல்லி வைப்போம். மண்டையோட்டுப் பலகை நிற்கும் இடத்தில் கால் வைக்கலாகாது. பலகை இல்லாமையே பாதுகாப்பும் ஆகாது. அறியாத பொருளைத் தொடவோ, உதைக்கவோ, கல்லெறியவோ வேண்டாம். நின்று, வந்த தடத்திலேயே திரும்பி, பொலிசாருக்கோ கிராம அலுவலருக்கோ அறிவித்தல் வேண்டும்.

மருமகன் புறப்படும் நாளிலே கருவியைப் பெட்டியில் வைத்துப் பூட்டினான். முற்றத்தில் நின்று, செம்பிலே தண்ணீர் வாங்கி, வாயில் வைக்காமல் அண்ணாந்து குடிக்க முயன்றான். பாதி சட்டையில் கொட்டியது. "அம்மம்மா எப்படிக் குடிப்பா, மாமா?" என்று கேட்டான். நான் குடித்துக் காட்டினேன்.