ஹாஃப் டைமுக்கு எத்தனை மார்க்?

கிரிக்கெட் ஒளிபரப்பில் ஓவருக்கு ஒரு விளம்பரம் வந்துவிடும். விக்கெட் விழுந்தாலும் வரும், பேட்ஸ்மேன் கிளவுஸ் மாற்றினாலும் வரும். கால்பந்தில் அந்த வசதி கிடையாது. விசில் ஊதிவிட்டால் 45 நிமிடம் பந்து ஓடிக்கொண்டே இருக்கும். கம்பெனிகளுக்குக் கிடைப்பது ஆட்டத்துக்கு முன்னால் கொஞ்சம், நடுவே 15 நிமிட இடைவேளை, முடிந்த பிறகு கொஞ்சம். அந்த 15 நிமிடத்தில்தான் அம்பத்தூர் எஸ்டேட் டீக்கடையில் அத்தனை பேரும் டிவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு டீ சொல்வார்கள். அந்த முதுகுகளைத் திருப்ப வேண்டுமென்றால் விளம்பரம் ஒரு குறும்படமாகவே இருந்தாக வேண்டும். உலகக் கோப்பை வரும்போதெல்லாம் பெரிய பெரிய சினிமா இயக்குநர்களைத் தேடிப்பிடித்து விளம்பரம் எடுக்கிறார்களே, அதற்கு இது முக்கியமான காரணம்.

படத்துக்கு மார்க் போட்டுப் பழகியவர்கள் நாம். ‘16 வயதினிலே’வுக்கு விகடன் கொடுத்த 62.5-ஐ இன்றைக்கும் நினைவு வைத்துச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். இந்த விளம்பரங்களுக்கும் அதே கண்டிப்போடு மார்க் போடலாம். எத்தனை நட்சத்திரங்கள், எத்தனை கோடி என்பதற்கெல்லாம் மார்க் இல்லை. தெருவில் பந்து உதைத்து வளர்ந்த ஒருவன் பார்த்துவிட்டு, ‘இது நம்ம ஆட்டம்’ என்று சொல்கிறானா? அதற்குத்தான் மார்க்.

அந்தக் கணக்கில் 1998-ல் நைக்கி எடுத்த விமான நிலைய விளம்பரம் இன்னும் மேலேதான் நிற்கிறது. இயக்கியவர் ஹாங்காங் ஆக்‌ஷன் படங்களின் ஜான் வூ. விமானத்துக்குக் காத்திருந்து அலுத்துப்போன பிரேசில் அணியினர் பையிலிருந்து பந்தை எடுக்கிறார்கள். ஸ்கேனர், கன்வேயர் பெல்ட், விமானம் நிற்கும் தளம் வரைக்கும் பந்து போய்வருகிறது. கடைசியில் ரொனால்டோ, வரிசை கட்டும் இரண்டு கம்பங்களைக் கோல் போஸ்ட்டாக வைத்து அடிக்கிறார். பந்து கம்பத்தில் பட்டு வெளியே போகிறது. காலி மனையில் இரண்டு செங்கல்லை வைத்து விளையாடிய யாருக்கும் அந்தக் கம்பங்களை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. உலகின் தலைசிறந்த வீரன் கோலைத் தவறவிடுவதாக முடித்தார்களே, அந்தத் துணிச்சலுக்கே தனி மார்க். அந்த ஆண்டு இறுதி ஆட்டத்தில் பிரான்ஸிடம் பிரேசில் 0-3 என்று தோற்றதையும் சேர்த்து நினைத்தால் மனம் கனக்கிறது. நூற்றுக்கு 80.

2002-ல் டெர்ரி கில்லியம் இயக்கியதும் நைக்கி விளம்பரம்தான். கப்பலுக்குள் இரும்புக் கூண்டு, அணிக்கு மூன்று பேர், முதல் கோல் போட்டவர் ஜெயித்தார், நடுவர் எரிக் கான்டோனா. பின்னணியில் ஒலித்த எல்விஸ் பிரெஸ்லி பாட்டின் ரீமிக்ஸ் பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. பார்க்க விறுவிறுப்புதான், ஆனால் மனசில் ஒட்டவில்லை. 60 போதும். இதில் கவனிக்க வேண்டியது வேறொன்று. உலகக் கோப்பையின் அதிகாரப்பூர்வ ஸ்பான்சர் அடிடாஸ். 1970-லிருந்து கோப்பைக்கான பந்தும் அவர்களுடையதே. நைக்கி ஸ்பான்சரே இல்லை. கோப்பையின் பெயரையோ சின்னத்தையோ எடுக்க உரிமை இல்லாததால், ஆட்டத்தையும் ஆட்டக்காரர்களையும் வைத்தே கதை சொல்ல வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு. நல்ல படங்கள் பல அந்தக் கட்டாயத்தில் பிறந்தவை.

அடிடாஸ் அதற்குச் சரியான பதில் சொன்னது 2006-ல். ஹோசே என்று ஒரு பையன். அழுக்குச் சுவர்கள் சூழ்ந்த ஒரு முற்றத்தில் இன்னொரு பையனோடு நின்று ‘எனக்கு இவன், உனக்கு அவன்’ என்று ஆள் பிரிக்கிறான். பெயர் சொல்லச் சொல்ல பெக்காம், ஸிடான், ககா என்று நிஜ வீரர்களே வந்து நிற்கிறார்கள். இளம் வயது பெக்கன்பவரும் பிளாட்டினியும்கூட வருகிறார்கள். கடைசியில் மாடியிலிருந்து அம்மா கூப்பிட, ஆட்டம் கலைகிறது.

இதை அயப்பாக்கத்தில் ஒரு டர்ஃப் வாசலில், தங்கள் நேரத்துக்காகக் காத்திருந்த பையன்களிடம் மொபைலில் போட்டுக் காட்டினேன். விளம்பரம் வந்தபோது இவர்களில் பாதிப் பேர் பிறக்கவே இல்லை. பிளாட்டினி யார் என்று ஒருவனுக்கும் தெரியவில்லை. ஆனால் ஆள் பிரிக்கும் இடம் வந்ததும் எல்லோரும் மொபைல் மேல் குனிந்துவிட்டார்கள். “ணா, கடைசியா கூப்பிட்றவன் மூஞ்சியப் பாருங்கணா” என்றான் ஒருவன். கடைசி ஆளாக எடுக்கப்படுகிறவனின் முகம் அவனுக்குத் தெரியும். அந்த இடத்தில் அவனே நின்றிருக்கலாம். அப்புறம் ஸ்பீக்கரில் வைத்துத் திரும்பப் போடச் சொன்னார்கள். இதற்கு 88. என் பட்டியலில் இதற்கு மேல் ஒன்றே ஒன்றுதான்.

2010-ல் இன்யாரிட்டு எடுத்த மூன்று நிமிட நைக்கி படத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். கேன்ஸ் விளம்பர விழாவில் கிராண்ட் ப்ரீ வாங்கியது. ரூனி, ரிபெரி, கன்னவாரோ, ட்ரோக்பா என்று நிறைய நாயகர்கள். கோப்பையில் இத்தாலி, பிரான்ஸ், ஐவரி கோஸ்ட் மூன்றும் முதல் சுற்றோடு வெளியேறின. ரூனி ஒரு கோலும் போடவில்லை. படத்தில் வந்த ரொனால்டினோ அணியிலேயே இல்லை. ஒரு பாஸ் தவறினால் தாடி வளர்த்து கேரவனில் வாழும் கதிக்கு ஆளாகிவிடுவோமோ என்று ரூனி பயப்படும் இடம் மட்டும் அசல். 72.

என் முதல் மார்க் ஐஸ்லாந்துக்கு. 2018-ல் முதல்முறையாக உலகக் கோப்பைக்கு வந்த அந்த நாட்டில் அப்போது மூன்றரை லட்சம் பேர். 2011 கணக்கெடுப்பில் ஆவடியின் மக்கள்தொகையும் ஏறக்குறைய அதுதான். பட்டாபிராம், திருமுல்லைவாயல், ஹெச்.வி.எஃப் குடியிருப்பு எல்லாம் சேர்ந்து ஒரு அணியைக் கட்டி ரஷ்யாவுக்கு அனுப்பியதாக எண்ணிப் பாருங்கள். ஐஸ்லாந்து அணியின் கோல்கீப்பர் ஹன்னஸ் ஹால்டோர்சன், தொழிலில் பட இயக்குநர். ஐஸ்லாந்துக்கான கோகோ கோலா உலகக் கோப்பை விளம்பரத்தை இயக்கியதும் அவரே. படம் எடுத்து முடித்துவிட்டு மாஸ்கோ போனார். ஜூன் 16 அன்று மெஸ்ஸியின் பெனால்டியைத் தடுத்தார். அர்ஜென்டினாவோடு ஆட்டம் 1-1. அந்த விளம்பரத்தில் தன் ஊர் கைதட்டுவதைத் தானே படம் பிடித்தவர், அந்தக் கைதட்டலுக்குத் தகுந்த காரியத்தையும் செய்துவிட்டார். 92.

அதே ஜூன் மாதம் நம் நாட்டிலும் ஒன்று நடந்தது. மும்பையில் சீன தைபே அணியை இந்தியா 5-0 என்று ஜெயித்தபோது, பார்க்க வந்தவர்கள் இரண்டாயிரத்துச் சொச்சம் பேர். கேப்டன் சுனில் சேத்ரி கேமராவைப் பார்த்துப் பேசி ஒரு வீடியோ போட்டார். திட்டுங்கள், குறை சொல்லுங்கள், ஆனால் மைதானத்துக்கு வாருங்கள் என்று கேட்டுக்கொண்டார். கென்யாவுடன் நடந்த அடுத்த ஆட்டத்துக்கு டிக்கெட் தீர்ந்துபோனது. விற்பதற்குப் பொருள் எதுவும் இல்லாத விளம்பரம் அது. மார்க் போட எனக்கு மனம் வரவில்லை.

நம் பக்கத்து ரசிகனுக்கென்று ஒரு உலகக் கோப்பை விளம்பரம் இதுவரை என் கண்ணில் படவில்லை. கோழிக்கோடு மாவட்டத்துப் புல்லாவூரில் 2022-ல் ஆற்றில் நிறுத்திய மெஸ்ஸி, நெய்மர், கிறிஸ்டியானோ ரொனால்டோ கட்அவுட்டுகளை உலகமே பார்த்தது. அதே வெறி மலையாளிகள் நிறைய வாழும் அம்பத்தூரிலும் ஆவடியிலும் உண்டு. ஆனால் நமக்கு வருவது எங்கோ எடுத்த படத்துக்கு இங்கே கொடுத்த டப்பிங் குரல். விளம்பரத்தில் பறக்கும் நைக்கியின் காலணிகளைச் செய்யாறில் நம் பெண்கள் தைக்கிறார்கள். அடிடாஸ் காலணி, ஆந்திர எல்லை தாண்டியதும் தடாவில் தயாராகிறது. செய்யும் கைகள் இங்கே இருக்கும்போது, படத்தில் மட்டும் நமக்கு இடமில்லை என்பது எனக்குக் கோபமாகவே இருக்கிறது.

இனி விளம்பரத்துக்கு நேரமும் கூடப்போகிறது. 2026 உலகக் கோப்பையில் ஒவ்வொரு பாதியிலும் தண்ணீர் குடிக்க மூன்று நிமிட இடைவேளை என்று ஃபிஃபா அறிவித்தது. வெயிலில் ஓடுகிறவர்களுக்கு அது தேவைதான். ஆனால் அந்த மூன்று நிமிடத்தின் மேல் கம்பெனிகளின் கண் விழாமல் இருக்காது. கிரிக்கெட்டைப் போலப் பத்து விநாடித் துண்டுகளாக நறுக்கினார்கள் என்றால், ஆட்டத்தோடு விளம்பரமும் கெடும். இன்யாரிட்டுவின் படம் மொத்தமே மூன்று நிமிடம்தான். அந்த நேரத்தை முழுசாக ஒரே படத்துக்குக் கொடுக்கலாம்.

எடுக்க இடம் வேண்டுமா? பூந்தமல்லி தாண்டினால் ஈவிபி ஃபிலிம் சிட்டி. நட்சத்திரம் வேண்டுமா? வியாசர்பாடியின் தனபால் கணேஷ் இந்திய அணிக்கு ஆடியவர். சென்னைக்காரர் நந்தகுமார் சேகர் 2023 டூரண்ட் கோப்பையில் மோகன் பகானுக்கு எதிராக ஈஸ்ட் பெங்காலுக்கு வெற்றி கோல் போட்டவர். கதையையும் நானே தருகிறேன். டர்ஃப் பதினோரு மணிக்கு புக் ஆகியிருக்கிறது. கோல்கீப்பருக்கு எஸ்டேட்டில் செகண்ட் ஷிஃப்ட். பத்தரைக்கு மணி அடிக்க வேண்டும், ஓ.டி. பார்க்கச் சொல்லி சூப்பர்வைசர் எதிரே வருகிறார். பைக்கில் இரண்டு பேர் கேட்டுக்கு வெளியே ஹாரன் அடித்துக்கொண்டு நிற்கிறார்கள். டர்ஃபில் எதிரணி ஏற்கெனவே பெனால்டி கேட்டுச் சண்டை போட ஆரம்பித்துவிட்டது. அவன் வந்து சேர்கிறானா, பந்தைப் பிடிக்கிறானா என்பதுதான் படம். கடைசியில் எந்தக் கம்பெனியின் பெயர் வந்தாலும் சரி, பேச்சு அம்பத்தூர் தமிழாக இருக்க வேண்டும். டப்பிங் வேண்டாம்.