படத்தில் விழுந்த கோடு

1990-களில் சேந்தமங்கலத்தில் இரவு வானத்தைப் படம் எடுப்பது செலவு பிடித்த ஆசை. ஒரு ரோலில் 36 படம். கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி, ஷட்டரை ‘பல்ப்’ நிலையில் வைத்து, கேபிளை அழுத்திப் பிடித்தபடி அரை நிமிடமோ அரை மணியோ உட்கார்ந்திருக்க வேண்டும். வானத்துக்கென்று முழு ரோலை ஒதுக்கும் வசதி எவருக்கும் இல்லை. பாதி ரோலில் காதுகுத்தும் கிடாவெட்டும் இருக்கும். மிச்சமும் தீர்ந்த பிறகே அது நாமக்கல்லுக்கோ சேலத்துக்கோ போய்க் கழுவிப் பிரிண்டாகி வரும். அதற்குள் எடுத்த தேதி பாதி மறந்திருக்கும், நேரம் முழுதும் மறந்திருக்கும். பிரிண்டில் பார்த்தால் கொல்லிமலை விளிம்புக்கு மேலே, எடுக்கும்போது கண்ணில் படாத ஒரு வெள்ளைக் கோடு கிடக்கும்.

முதலில் தீர்க்க வேண்டியது அது வானத்தில் இருந்ததா, நெகட்டிவில் இருந்ததா என்பதுதான். ஸ்டுடியோக்காரர்கள் நெகட்டிவை வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பார்கள். கீறலானால் ஒரு கோணத்தில் பளிச்சென்று மின்னும்; ஒளி பதிந்த தடமானால் எந்தக் கோணத்திலும் கறுப்பாகவே இருக்கும், பூதக்கண்ணாடியில் துகள் துகளாகத் தெரியும். கீறல் இல்லை என்று முடிவானால் மிஞ்சுவது மூன்று: விமானம், எரிநட்சத்திரம், செயற்கைக்கோள். பள்ளிக்கூட அறிவியல் வாத்தியாரிடமோ அறிவியல் இயக்கத்துத் தோழரிடமோ படத்தைக் காட்டுவார்கள். கோட்டின் ஓரமாகச் சிமிட்டிய புள்ளிகள் வரிசையாக இருந்தால் விமானம் என்பார் அவர். இரு முனையும் மெலிந்து நடுவில் பருத்திருந்தால் எரிநட்சத்திரம். ஒரே சீராக ஓடியிருந்தால், “சேட்டிலைட்டா இருக்கும் தம்பி.” எந்தச் சேட்டிலைட் என்று கேட்க எவருக்கும் தோன்றியதில்லை, கேட்டாலும் சொல்ல ஆள் இல்லை.

இன்று அதே மொட்டை மாடியில் செல்போனை முட்டுக்கொடுத்து நிறுத்தி முப்பது விநாடி திறந்து வைத்தால் போதும். படம் உடனே வருகிறது. எடுத்த நேரம் விநாடி வரை அதிலேயே பதிந்திருக்கிறது. விமானமா என்று பார்க்க ஒரு செயலி, செயற்கைக்கோளா என்று பார்க்க இன்னொன்று. பெங்களூரிலிருந்து திருச்சிக்குப் போகும் விமானம் என்றால் அதன் எண்ணும் உயரமும் வந்து விழுகின்றன. செயற்கைக்கோள் என்றால் பெயரும் ஏவிய ஆண்டும் தெரிகின்றன. கோட்டின் நீளத்தையே கணக்குப் போட்டுச் சரிபார்க்கவும் முடிகிறது. சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் விநாடிக்கு ஏழரைக் கிலோமீட்டருக்கு மேல் ஓடும் பன்னாட்டு விண்வெளி நிலையம் தலைக்கு நேரே கடந்தால், முப்பது விநாடியில் முப்பது பாகைக்குச் சற்று மேல் கோடிழுக்கும். 550 கிலோமீட்டரில் ஓடும் ஸ்டார்லிங்க் இணையச் செயற்கைக்கோள் அதே நேரத்தில் இழுப்பது இருபத்து நான்கு பாகை அளவுக்கு. வானத்தின் நடுவில் கோடு மெல்ல மங்கி அறுந்திருந்தால், அந்த இடத்தில் அது பூமியின் நிழலுக்குள் போயிருக்கிறது என்று அர்த்தம்.

வானியலாளர்களுக்கு அன்று கோடு ஒரு வேட்டைப் பொருளாக இருந்தது. சென்னை வானாய்வகத்தில் போக்சன் 1861-இல் ‘ஏசியா’ என்ற சிறுகோளையும் 1885-இல் ‘வேரா’வையும் கண்டது தொலைநோக்கியில் வைத்த கண்ணாலும் விண்மீன் வரைபடத்தாலும், வரைபடத்தில் இல்லாத புள்ளி எது என்று இரவிரவாக ஒப்பிட்ட உழைப்பு அது. 1891 டிசம்பரில் ஜெர்மனியின் மாக்ஸ் வோல்ஃப் அந்த வேலையைக் கண்ணாடித் தகட்டிடம் ஒப்படைத்தார். தொலைநோக்கி விண்மீன்களைப் பின்தொடர்ந்து திரும்பும்போது விண்மீன்கள் புள்ளிகளாக நிற்கும், இடையே நகர்ந்த ஒன்று மட்டும் சிறு கோடாகப் பதியும். அப்படி முதலில் அகப்பட்டது ‘புரூசியா’. நம் பக்கத்துக்கு அந்த முறையின் பெருமை வந்து சேர ஏறத்தாழ நூறாண்டு ஆயிற்று. இங்கிருந்து வடகிழக்கே, ஜவ்வாது மலையின் காவலூரில், ‘கல்கி’ என்ற தேடல் திட்டத்தில் 45 செ.மீ. ஷ்மிட் தொலைநோக்கியைக் கொண்டு ஆர். ராஜமோகன் 1988 பிப்ரவரி 17 அன்று கண்ட சிறுகோள் இன்று ‘4130 ராமானுஜன்’. போக்சனுக்குப் பிறகு இந்திய மண்ணிலிருந்து ஒரு சிறுகோள் கிடைக்க நூறாண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது. காவலூரைத் தேர்ந்தெடுத்த வைணு பாப்புவே, 1949-இல் ஹார்வர்டில் மாணவராக இருந்தபோது, ஒரு புகைப்படத் தகட்டில் இருக்கக்கூடாத ஒன்றைப் பார்த்து வால்நட்சத்திரம் கண்டவர்.

செயற்கைக்கோளின் கோட்டுக்கும் அன்று மரியாதை இருந்தது. ஸ்புட்னிக் ஏறிய மறு ஆண்டே நைனிடாலில் பேக்கர்–நன் கேமரா ஒன்று நிறுவப்பட்டது. உலகம் முழுவதும் பன்னிரண்டு இடங்களில் மட்டுமே இருந்த அந்தக் கேமராக்களின் வேலை, செயற்கைக்கோள் இழுத்த கோடுகளைப் படமாக்கி, பின்னணி விண்மீன்களோடு ஒப்பிட்டுப் பாதையைக் கணிப்பது. ஒரு கோட்டுக்காக இரவெல்லாம் ஆட்கள் விழித்திருந்தார்கள்.

நடுவே ஒரு குறுகிய காலம் உண்டு. எனக்குப் பிடித்த காலம் என்றே சொல்வேன். 1997 முதல் ஏவப்பட்ட இரிடியம் செயற்கைக்கோள்களின் தட்டையான ஆன்டெனாக்கள் கண்ணாடி போலச் சூரிய ஒளியைத் திருப்பியடித்தன. சில விநாடிகளுக்கு வெள்ளிக் கோளைவிட இருபது மடங்குக்கு மேல் ஒளிர்ந்து அடங்கும். படத்தில் நடு பருத்து முனை மெலிந்து அப்படியே எரிநட்சத்திரம் மாதிரி விழுந்ததால் ஏமாந்தவர்கள் ஏராளம். ஆனால் இன்ன இடத்தில், இன்ன விநாடியில், இன்ன திசையில் என்று முன்கூட்டிச் சொல்லும் இணையதளமும் அப்போதே வந்திருந்தது. நாமக்கல்லில் ஒரு பிரவுசிங் சென்டரில் பட்டியலைத் தாளில் எழுதிக்கொண்டு வந்து, வாட்ச்சைப் பார்த்து, கேமராவைத் திருப்பி வைக்கலாம். கோடு எப்போதாவது வரும், வரும் நேரமும் தெரியும். 2019-க்குள் அவற்றில் பெரும்பாலானவை கீழே இறக்கப்பட்டுவிட்டன. மாற்றாக ஏறியவற்றில் அந்த ஆன்டெனா இல்லை.

அதே 2019 மே மாதத்தில்தான் ஸ்டார்லிங்கின் முதல் அறுபதும் ஒன்றாக ஏறின. அந்த ஆண்டுத் தொடக்கத்தில் இயங்கிக்கொண்டிருந்த செயற்கைக்கோள்கள் மொத்தம் ஏறத்தாழ 2,000. இன்று 10,000-ஐத் தாண்டிவிட்டது. பாதிக்கு மேல் ஸ்டார்லிங்க் மட்டுமே. மாலை மங்கி ஒன்றரை மணி நேரத்துக்குள் எடுக்கும் அகலப் படத்தில் கோடு இல்லாவிட்டால்தான் இப்போது ஆச்சரியம்.

அதனால் கோட்டைப் பிடிக்கும் கலை போய், துடைக்கும் கலை வந்திருக்கிறது. தை முதல் சித்திரை வரை கொல்லிமலைக்குப் பால்வீதி எடுக்க ஏறும் இளைஞர்கள் ஒரே திசையில் நூறு படம் எடுத்துக் கணினியில் அடுக்குகிறார்கள். ஒரு புள்ளி தொண்ணூற்றொன்பது படத்தில் இருட்டாகவும் ஒன்றில் மட்டும் வெளிச்சமாகவும் இருந்தால், அந்த ஒன்றை மென்பொருள் தள்ளிவிடுகிறது. செயற்கைக்கோள் போயிற்று, விமானம் போயிற்று, லென்ஸுக்கு முன் பறந்த பூச்சியும் போயிற்று. கூடவே எரிநட்சத்திரமும் போகிறது, ஏனென்றால் அதுவும் ஒரே ஒரு படத்தில் இருப்பதுதான். கிடைப்பது அன்றைய எந்த ஸ்டுடியோவும் கனவு காணாத தெளிவு. அந்த இரவில் வானத்தில் என்ன நடந்தது என்பது மட்டும் அதில் இருக்காது. எனக்கு இது சின்ன இழப்பாகப் படவில்லை.

துடைக்கும் முன் பார்ப்பதால் என்ன கிடைக்கும் என்பதற்கு ஹபிள் தொலைநோக்கியின் பழைய படங்களே சாட்சி. 2019-இல் தொடங்கிய ஒரு முயற்சியில் ஆயிரக்கணக்கான தன்னார்வலர்கள் அவற்றை வீட்டிலிருந்தே பார்த்துக் கோடுகளைக் குறித்தார்கள். அவர்கள் குறித்ததை வைத்து ஆய்வாளர்கள் கணினிக்குப் பழக்கினார்கள். 37,000-க்கும் மேற்பட்ட படங்களில் 1,701 சிறுகோள் தடங்கள் அகப்பட்டன. அவற்றில் 1,031 எந்தப் பட்டியலிலும் இல்லாதவை. வேறு எதையோ எடுத்த படங்களில் இடைஞ்சலாக விழுந்து இருபதாண்டு வரை கிடந்த கோடுகள் அவை.

வானிலிருந்து விழுபவை பற்றிய பயம் குறைந்ததையும் லாபக் கணக்கில் எழுத வேண்டும். 1979 ஜூலையில் அமெரிக்க விண்வெளி நிலையமான ஸ்கைலாப் விழப்போகிறது என்றபோது எங்கே விழும் என்று தெரியாமல் ஊர் ஊராக மக்கள் கலங்கினார்கள். கடைசியில் அதன் துண்டுகள் இந்தியப் பெருங்கடலிலும் மேற்கு ஆஸ்திரேலியாவிலும் விழுந்தன. 2022 ஏப்ரல் 2 இரவு மகாராஷ்டிர, குஜராத் வானத்தில் எரிந்தபடி போனவற்றை மக்கள் செல்போனில் பிடித்தார்கள். விண்கற்கள் என்று செய்தி கிளம்பிய சில மணி நேரத்தில், அது சீன ராக்கெட் ஒன்றின் மிச்சம் என்று பாதையை வைத்துச் சொல்லிவிட்டார்கள். சந்திரபூர் மாவட்டத்துக் கிராமங்களில் உலோக வளையமும் உருண்டையும் கிடைத்தன.

சேந்தமங்கலத்து வானமும் இதற்கிடையில் மாறிவிட்டது. தென்மேற்கே நாமக்கல்லும் வடமேற்கே ராசிபுரமும் அடிவானத்தை வெளுக்கவைத்திருக்கின்றன. நடுவே கோழிப்பண்ணை விளக்குகள், ஹைமாஸ் கம்பங்கள். அன்றைய மூன்று சந்தேகங்களோடு இன்று புதிதாகச் சில சேர்ந்திருக்கின்றன. தெருவிளக்கு லென்ஸுக்குள் பட்டுத் தெறித்து, படத்தின் மையத்துக்கு நேர் எதிர்ப்புறத்தில் பச்சைக் கீற்றாக நிற்கும். எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும் வண்டியின் முகப்பு விளக்கு மலைச்சரிவில் கோணல் கோடாக விழும். பங்குனி, சித்திரையில் மலையில் பிடிக்கும் தீயும் தூரத்திலிருந்து ஒரு கோடுதான்.

செயலி சொல்லும் பெயரிலும் ஒரு சங்கடம் இருக்கிறது. கேமராவின் கடிகாரம் ஐந்து நிமிடம் பிசகியிருந்தாலும் அது ஒரு பெயரைச் சொல்லும். இவ்வளவு நெரிசலில் அந்த நேரத்துக்கு அருகில் ஏதாவது ஒன்று கடந்திருக்கத்தான் செய்யும். அன்றைய வாத்தியாரின் “இருக்கும் தம்பி”யில் ஒரு தயக்கம் இருந்தது. இன்றைய தவறு ஏவிய ஆண்டோடும் வரிசை எண்ணோடும் வருகிறது.

வானில் ஓடிய ஒளியை அடையாளம் காண நேரமும் திசையும் வேண்டும் என்பது மட்டும் மாறவில்லை. புறநானூற்றின் 229-ஆம் பாட்டில் கூடலூர் கிழார், சேரமான் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறையின் சாவுக்கு ஏழு நாள் முன்பு விழுந்த மீனைப் பதிந்து வைத்திருக்கிறார். பங்குனி மாதம், முதல் பாதி, நள்ளிரவு. பழைய உரைகாரர் விளக்குகிறபடி உத்தரம் உச்சியிலிருந்து சாய்கிறது, எதிரே மூலம் எழுகிறது, மிருகசீரிடம் இறங்குகிறது. எரிந்த மீன் நேர் கிழக்கேயும் போகவில்லை, நேர் வடக்கேயும் போகவில்லை. இன்றும் பங்குனி நள்ளிரவில் மொட்டை மாடியில் நின்றால் அந்த மூன்று விண்மீன்களையும் ஏறக்குறைய அதே இடங்களில் பார்க்கலாம். செயலிக்குக் கொடுக்க வேண்டிய விவரங்களில் அவர் சொல்லாமல் விட்டது ஆண்டையும் ஊரையும் மட்டும்தான்.