கூதிர்காலத்தைத் துணியில் வரைதல்

இலையுதிர் காலம் என்றதும் மேலைநாட்டுப் படங்களில் காணும் செந்நிறக் காடுகளே பலர் நினைவுக்கு வருகின்றன. குளிர் நெருங்கும்போது அந்நாட்டு மரங்களின் இலைகளில் பச்சையம் சிதைகிறது. அதுவரை மறைந்திருந்த மஞ்சள் வெளிப்படுகிறது. சில மரங்களில் செந்நிறம் புதிதாகத் தோன்றுகிறது. நிழற்படம், வண்ணம், நூல் ஆகிய மூன்றையும் கொண்டு துணியில் நிலக்காட்சி அமைப்போர் இந்நிறங்களைப் பெரிதும் விரும்புவர். கிளிநொச்சி மாவட்டத்து முரசுமோட்டையில் ஒருவர் இக்கலையைப் பயில முற்பட்டால், முதலில் எழும் வினா ஒன்று உண்டு. அதே மாதங்களில் இந்நிலம் எந்நிறம் கொள்கிறது?

பச்சை என்பதே விடை. ஐப்பசியையும் கார்த்திகையையும் பழந்தமிழர் கூதிர் என்றனர். பரந்தனிலிருந்து முல்லைத்தீவு செல்லும் வீதியில் உள்ள முரசுமோட்டை, இரணைமடுக் குளத்து நீர் பாயும் நெல்வயல் ஊர். கோடையில் காய்ந்து கிடந்த வயல் வடகீழ்ப் பருவமழையில் நனைகிறது. காலபோக நெல் முளைத்தெழுகிறது. அங்கே இலை உதிரும் பருவம், இங்கே பயிர் தளிர்க்கும் பருவம். ஆதலின் கலையின் முறையைக் கொள்ளலாம். நிறத்தை இவ்வயலிடமே கேட்டறிதல் வேண்டும்.

முதற்படி நிழற்படத்தைத் துணிக்கு மாற்றுதல். பருத்தித் துணியைக் கஞ்சி நீங்கத் துவைத்து உலர்த்த வேண்டும். படத்தை இடம் வலமாகத் திருப்பி, லேசர் அச்சுப்பொறியில் தாளில் எடுக்க வேண்டும். திருப்பாவிடின் வீதியும் வாய்க்காலும் துணியில் பக்கம் மாறிவிடும். துணியில் அக்ரிலிக் பசையைச் சீராகப் பூசி, அச்சுப்பக்கம் கீழாகத் தாளை ஒட்டி, ஓர் இரவு உலரவிட வேண்டும். பின்னர் நீர் தெளித்து விரலால் மெல்லத் தேய்த்தால் தாள் உரிந்துபோகும். அச்சுமை துணியில் நிற்கும்.

அடுத்து வண்ணம். மழைமேகத்தின் சாம்பலையும் நனைந்த மண்ணின் கருமையையும் நீர்த்த அக்ரிலிக் வண்ணத்தால் மெல்லெனத் தீட்டினாற் போதும். தொலைவிலுள்ளவை வெளிறியும் அண்மையிலுள்ளவை அழுத்தமாகவும் அமையட்டும். வண்ணம் நன்கு உலர்ந்த பின்னரே ஊசியை எடுத்தல் நன்று. நூலில் ஈர வண்ணம் படிந்தால் அதன் மினுக்கம் மங்கும்.

பூத்தையல் நூல் பெரும்பாலும் ஆறு இழைகளாகப் பிரியும். தொலைவயலுக்கு ஓர் இழையிற் சிறு தையல். அண்மை நாற்றுக்கு மூன்றிழையில் நீண்ட நேர்த்தையல். வரம்புப் புல்லுக்கு முடிச்சுத் தையல். நீர் நிற்கும் இடத்தில் நூல் வேண்டாம். தையலின் மேட்டுக்கிடையே வெற்றுத்துணி வழவழப்பாகத் தெரிவதே நீரின் தோற்றத்தைத் தரும்.

இவ்வூரில் இக்கலைக்கு மற்றொரு பயனும் உண்டு. 2009ஆம் ஆண்டில் முடிவுற்ற போரின்போது இப்பகுதி மக்கள் இடம்பெயர்ந்தனர். வீட்டோடு நிழற்படங்களையும் இழந்தோர் பலர். தப்பிய ஒரே படத்தில் பழைய வீடும் வயலும் இருக்கக்கூடும். அத்தகைய மூலப்படத்தை ஒருபோதும் பசையில் ஒட்டலாகாது. பிரதி எடுத்தே பயன்படுத்தல் வேண்டும். படத்தில் மங்கிப்போன வரம்பு எங்கே வளைந்தது, மரம் எங்கே நின்றது என்பதை வீட்டு முதியோரிடம் கேட்டு நூலால் நிரப்பலாம். கேட்கும் பொழுதிலேயே, படத்தில் இல்லாத பலவும் அவர்கள் வாயிலிருந்து வெளிவரும்.